ஏழுக்கு இரண்டு

கெம்சியில் எதற்கும் ஏழுதான் உச்சம்.
கணக்குப் பரீட்சையில் ஆரம்பித்தது,
சூப்புக்கும் மருமகனுக்கும்
புதுப் பாதிரியாரின் பிரசங்கத்துக்கும்
இன்றுவரை ஏழுக்குத்தான் மார்க் போடுகிறோம்.
நாலு எடுத்தால் பாஸ்.
மூன்று புள்ளி ஒன்பது எடுத்தவன்
அடுத்த வருஷமும் அதே பெஞ்சு.

வெள்ளிக்கிழமை படம்.
தீயணைப்பு வண்டியை மழையில் நிறுத்திவிட்டு
அது நின்ற கொட்டகையில் நாற்பது நாற்காலி போடுவோம்.
அடுப்பில் எதையும் மறந்துவிட்டு வரக்கூடாது
என்பதுதான் டிக்கெட்டில் அச்சடித்த ஒரே நிபந்தனை.

வெளியே போகும்போது
டிக்கெட்டின் முதுகில் ஒரு எண் எழுதி
பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும்.
ராத்திரி அதை மேஜையில் கவிழ்த்து
எண்ணுகிறவள் நான்.

போன வாரம் பேய்ப் படம்.
எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் ஆறுக்கு மேல்,
எல்லோரும் கூட்டமாகவே வீட்டுக்குப் போனார்கள்.

இந்த வாரம்
கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனை
அவன் மனைவி ஒன்றரை மணி நேரம் தேடினாள்.
தலைநகரத்துக்காரர்கள் வந்து எடுத்த படம்.
தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டதால்
அவள் பேசியதில் பாதி யாருக்கும் கேட்கவில்லை.

'மழைக்கு ஏழு, படத்துக்கு ஐந்து.'
'நாய் சாகவில்லை. ஏழு.' இது பென்சிலில், பெரிய எழுத்தில்.
சோனியா பாரியா டீச்சர் எப்போதும்போல நாலு புள்ளி மூன்று;
பெற்ற மகனுக்கே அதற்குமேல் போட்டதில்லை.
தோன் ரெய்னால்தோ முதல் காட்சியிலேயே குறட்டை விட்டார்,
ஆறரை கொடுத்திருக்கிறார்:
'விழித்தபோதெல்லாம் நன்றாக இருந்தது.'
சோளப்பொரிக்கு மூன்று, உப்பே இல்லை என்று ஒருவர்.
ஒரு கணவனும் மனைவியும் ஒரே டிக்கெட்டில் சண்டை போட்டு
ஆறை அடித்து மூன்று, மூன்றை அடித்து ஆறு,
கடைசியில் காகிதத்தில் ஓட்டை.

ஒன்றில் எதுவும் எழுதவில்லை.
எட்டாக மடித்திருந்தது.
பிரித்தேன், விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பூஜ்யம் என்று சேர்த்தால் சராசரி இறங்கும்.
சேர்க்காவிட்டால் ஒரு ஆள் வரவே இல்லை என்றாகும்.
மடிப்பு மாறாமல் மடித்து
சர்க்கரை ஜாடிக்கு அடியில் வைத்தேன்.
கணக்கில் ஒரு நாற்காலி இடிக்கிறது. இடிக்கட்டும்.

ஒரே ஒரு இரண்டு.
'அந்த முடிச்சில் படகு நிற்காது.'
பெயர் இல்லை. பெயர் எதற்கு,
எலியேசர் நாவெல்கீனைத் தவிர யார்.

நாலு புள்ளி எட்டு என்று
கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்தேன்.
விடிவதற்குள் சாரல் எட்டின் இடது பக்கத்தைத் துடைத்து
மூன்றாக்கிவிட்டது.
அந்தப் பக்கம் வந்த டீச்சர் நின்று படித்து
சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை என் கடைக்கு
பத்து மீட்டர் கயிறு வாங்க வந்தான் எலியேசர்.
வாங்கிய பிறகும் போகவில்லை.
ஆணி டப்பாக்களின் மேல் எழுதியிருந்ததைப் படித்தான்.
கயிற்று நுனியை மேஜைக் காலில் கட்டினான், அவிழ்த்தான்,
மறுபடி கட்டினான்.
'அந்த இரண்டை நாலாக்க முடியுமா?'

ஏன் என்றேன்.

'வலை இழுக்கும்போது அவள் ஞாபகம் வருகிறது.
கரையில் நின்று ஈரக் கையை
ஈரப் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டிருப்பாளே, அது.
நேற்று மட்டும் மூன்று தடவை.'

முடிச்சு?

'முடிச்சு தப்புதான். அதில் மாற்றமில்லை.'

டப்பாவை மூடியாயிற்று,
பலகையும் அழிந்தாயிற்று என்றேன்.
கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டான்.
கதவுவரை போய், மழையைப் பார்த்து, திரும்பி,

'அப்படியானால் அடுத்த படத்துக்கு
என் பேரில் இரண்டு கூட்டிப் போடு.'