தற்குறி

காற்றாலைக் கம்பெனிக்கு மூலப்பத்திரம் வேண்டுமாம்.
அது இல்லையென்றால் எட்டு ஏக்கரும் வெறும் மண்.
ராதாபுரம் சார்பதிவகத்தில் மனுப் போட்டுப்
பதினோரு நாள் நடந்தேன்.

எங்கள் வகையறாவில் பிள்ளைகளுக்கும் பாடம்:
பூவுலிங்கம் வந்தார்,
உடைமரம் வெட்டினார்,
பாறைக்கு வெடிவைத்துத் தண்ணீர் கண்டார்.
கல்யாணப் பத்திரிகைகளில் இன்றும் அவர்தான் தலைப்பில்.
மின்வாரிய அட்டையில்கூட
பூவுலிங்கம் கிணறு, ஐந்து குதிரைத்திறன்.

நகல் வந்தது.
கொல்லம் ஆயிரத்து அறுபத்தாறு, ஆடி.
எழுத்துக்கு எழுத்து கொக்கி; புள்ளியே கிடையாது.
பத்திர எழுத்தர் திரவியம் கண்ணாடியை ஏற்றிவிட்டு
அரிசியில் கல் பொறுக்குவதுபோல வாசித்தார்:
‘பணகுடி இருப்பு
காலஞ்சென்ற பூவுலிங்கம் பெண்சாதி
மாடத்தி
கிரயம் பெற்றது…’

நிறுத்துங்கள் என்றேன்.
மறுபடி வாசித்தார்.
“செத்தவருதான் சார். தெளிவா இருக்கு.”

அப்படியானால் வெடிவைத்தது யார்?

வீட்டு டிரங்குப் பெட்டியில்
பசலி 1301 தீர்வை ரசீது: மாடத்தி.
1302: மாடத்தி. பாக்கி ஒன்றேகால் ரூபாய்.
1304: ஜப்தி. எருமை ஒன்று, வெண்கலப் பானை ஒன்று.
அடுத்த வருஷம் பாக்கி இல்லை.
எருமை திரும்பி வந்ததா,
எந்தத் தாளும் சொல்லவில்லை.
மடித்த இடத்தில் இற்றுப்போன ஒரு சீட்டு:
கல்லுடைக்க ஆள் நாலு,
கருமருந்து ராத்தல் இரண்டு.

எல்லாவற்றின் அடியிலும் ஒரே வரி,
‘இது தற்குறி மாடத்தி கீறல்.’

தற்குறி.
கணக்கு வாத்தியார் என்னைத் திட்டிய சொல்.
தன் குறி என்று
அதைப் பிரித்துப் பார்க்க
எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகியிருக்கிறது.

முதல் கீறல் கோணி, வரியைவிட்டு இறங்கிப் போகிறது.
ஜப்தி நோட்டீஸில் விழுந்த கீறல்
தாளைக் கிழித்திருக்கிறது.

ரசீதுகளை வருஷவாரியாக அடுக்கிச்
சணலில் கட்டியவர் பெரியப்பா.
தாலுகா ஆபீஸ் எழுத்தர், முத்து முத்தான கையெழுத்து.
அவர் வரைந்த வம்சாவளியும் அதே கட்டில்:
பூவுலிங்கம். கீழே, மனைவி.
அதற்குப் பக்கத்தில்
ஒரு பெயர் கொள்ளும் அளவுக்கு வெற்றிடம்.

தம்பி போனில் கேட்டான்:
“பேரு மாறுதுன்னா வில்லங்கம் எதும் வந்துருமா?
கம்பெனிக்காரன் கேக்கான்.”
வராது.
அவளிலிருந்து நம் வரை தொடர்ச்சி சுத்தமாக இருக்கிறது,
விற்கலாம்.

கிரயத்தன்று சொத்து விவரத்தில்
மாடத்தி கிணறு என்று எழுதச் சொன்னேன்.
திரவியம் பேனாவை மூடினார்.
“கரண்டு கனெக்‌ஷன் அவரு பேருல இருக்குல்லா.
மாத்துனா ரெண்டும் ஒட்டாது.”
கொஞ்சம் யோசித்தார்.
பூவுலிங்கம் கிணறு என்கிற மாடத்தி கிணறு
என்று எழுதினார்.

பதிவாளர் கருவியை என் பக்கம் தள்ளினார்.
என் பெருவிரல் ரேகையை அது எடுக்கவில்லை.
துடைத்துவிட்டு வைத்தேன். இல்லை.
“நல்லா அழுத்துங்க” என்றார்.
அழுத்தினேன்.