சொந்த உபயோகம்

வாடகை பாக்கி கிடையாது.
ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி,
மீன்பிடித் தடைக்காலத்திலும்.
ஈர நோட்டுகளைப் பிரித்துப் பிரித்து
எண்ணித் தருவார் சீனிக்கட்டி.
சுவரை இடிக்கவில்லை, உள்வாடகைக்கு விடவில்லை.
அவர்மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
கூண்டில் ஏறியும் அதைத்தான் சொன்னேன்;
என் வக்கீல் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

எனக்குக் கடை வேண்டும், அவ்வளவுதான்.
ரொமால்டின் விசைப்படகு
தலைமன்னாரில் கட்டிக் கிடக்கிறது.
ஆளை விட்டார்கள், படகை விடவில்லை.
பாம்பன் தெற்குவாடியில் என் பேரில் இருப்பது
பத்துக்குப் பன்னிரண்டு, அந்த ஒரே ஐஸ் கடை.
வலை, மிதவை, நைலான் கயிறு போட்டு
மகன் உட்காரட்டும் என்று பார்த்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண்.
குரல் உயர்த்தாமல் கேட்டாள்:
"ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டீங்களா?"
கேட்டேன்.
"கொடுத்திருந்தா இந்தத் தேவை வந்திருக்குமா?"

ஆயிரம் கேட்டது ஆவணியில்.
படகைப் பிடித்தது ஐப்பசியில்.
சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.
அவள் கேட்டதற்கு அது பதில்தானா என்று
பஸ் பாலம் ஏறி இறங்கும்வரை
எனக்கே பிடிபடவில்லை.

நாலு வருடம்.
உமியில் புதைத்த ஐஸும்
அத்தனை நாள் கேட்காது.
ரொமால்ட் இப்போது வேறொருவர் படகில்
பங்குக்குப் போகிறான்,
பிடிக்காமல்தான் போகிறான்.
"தேவை இன்னும் இருக்கா?" நீதிபதி கேட்டார்.
இருக்கிறது ஐயா என்றேன்.
எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

தீர்ப்பு எனக்கு. மூன்று மாதம் அவகாசம்.
தொண்ணூறாம் நாள் சாவியோடு
ஒரு நோட்டையும் நீட்டினார் சீனிக்கட்டி.
ஐப்பசி பதினொன்று, ரொமால்ட் படகு,
பன்னிரண்டு பார், பாக்கி.
படகு பிடிபட்ட அன்று ஏற்றிய ஐஸ்.

"இதை ஏன் கோர்ட்ல காட்டல?"

"காட்டியிருந்தா
மொத வருசமே ஜெயிச்சிருப்பீங்களே."
சிரிக்காமல்தான் சொன்னார்.

அட்வான்ஸோடு பன்னிரண்டு பாருக்கும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன்.
பழைய விலையா இன்றைய விலையா என்று
கொஞ்ச நேரம் பேரம் நடந்தது.
பழைய விலையே போதும் என்று முடித்தார்,
ஐஸ் பெட்டிகளை ஏற்றிய குட்டியானை
கிளம்பிப் போனது.

ஒரு மாதமாகியும் தரை காயவில்லை.
கயிற்றுச் சுருளைத் தோளில் வைத்தபடி
வாசலில் நிற்கிறான் ரொமால்ட்,
எங்கே இறக்க என்று கேட்டுக்கொண்டு.