திட்டிவாசல்

தீயரண் என்று பெயர்.
உள்ளே தீ எதுவும் இல்லை.
டிசம்பரில் கெமி நகரத்தில் எதிலுமே தீ இல்லை.
மருத்துவமனையின் நிலவறையில்
நானும் பதினான்கு சர்வர்களும்
ஒருவர் மூச்சில் ஒருவர் குளிர்காய்கிறோம்.

மறுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஐஸ் ஹாக்கி பார்க்க வழி கேட்ட
எலும்பு மருத்துவருக்கு மறுத்தேன்.
சமையலறை வானொலிக்கு மறுத்தேன்.
மூன்றாம் மாடி நர்ஸ், என் மனைவியின் தங்கை,
அவள் கேட்டதற்கும் மறுத்தேன்;
அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில்
உருளைக்கிழங்குப் பாத்திரம்
கடைசிவரை என் பக்கம் வரவேயில்லை.

விண்ணப்பம் 2291.
இசைச் செயலி ஒன்றை அனுமதிக்கவும்.
கணினி: பிணவறை, ஒன்று.
பெயர்: மிர்யாமி ரௌட்டியோ.
காரணம் என்ற கட்டத்தில்
எல்லோரும் பத்தி பத்தியாக மன்றாடுவார்கள்.
இவர் எழுதியிருந்தது:
'தலை வாரும்போது.'

யார் தலையை என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.

இரண்டு நாள் கிடப்பில் போட்டேன்.
மூன்றாம் நாள்
வெளிச்செல்லும் விதிகளைத் திறந்தேன்.
புதிய விதி. செயலி இருக்கும் பாதை. போர்ட் 443.
தனிப்பட்ட வலையமைப்பா, பொதுவானதா
என்று கேட்டது திரை.
அந்த அறையைப் பற்றி
இதைவிடக் கடினமான கேள்வியை
பாதிரியார்கூடக் கேட்டிருக்க மாட்டார்.
இரண்டிலும் குறியிட்டேன்.

கோட்டையின் பெருங்கதவுக்குள்
ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்களாம்,
இரவில், ஒற்றை ஆள்,
குனிந்தால் மட்டும் நுழைய.

மறுநாள் தொலைபேசி. 'வரவில்லை.'
செயலி ராவோடு ராவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு
வேறு கோப்புறைக்குக் குடிபோயிருந்தது;
நான் திறந்து வைத்த கதவுக்கு நேரே
ஆளே இல்லை.
பாதையைத் திருத்தினேன்.
வைக்காதீர்கள், பாருங்கள் என்றேன்.
காத்திருக்கையில் அந்தப் பக்கத்திலிருந்து
குளிர்பெட்டிகளின் உறுமல்.
இத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டுதான்
வாரியிருக்கிறார்.
பிறகு, எங்கோ, ஒரு அக்கார்டியன்.
'சரி' என்றார். வைத்துவிட்டார்.
எங்கள் ஊரில் இது நீண்ட உரையாடல்.

பதிவேடு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும்,
பாட்டின் பெயரைத் தவிர.
02:14 அனுமதி. 02:51 முடிவு.
இருபத்தேழு மெகாபைட்.
கொஞ்ச நாள் இதை எண்களாகவே படித்தேன்.
ஒரு வியாழக்கிழமை, காபி கலக்கும்போது, உறைத்தது:
இசை வந்த இரவுகளில்
ஊரில் ஒரு ஆள் குறைந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு காலையில்
அந்த வரியைத்தான் கடைசியாகப் பார்க்கிறேன்.
வரி இல்லையென்றால்
இன்னொரு கோப்பை, சர்க்கரையோடு.

பிப்ரவரியில் ஓர் இரவு.
நான்கு மணி நேரம், நூற்று எழுபத்து மூன்று மெகாபைட்.
நீளக் கூந்தலா, பல பேரா,
இல்லை, வாரி முடித்த பிறகும்
அவர் நாற்காலியை விட்டு எழவில்லையா.
கேட்கவில்லை நான்.
அவருடைய உள்தொலைபேசி எண் எனக்கு மனப்பாடம்.
முகம் தெரியாது.
மதியம் உணவுக்கூடத்தில்
ஹாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை.
எலும்பு மருத்துவர்
சூப்பைக் கிண்டிக்கொண்டேயிருந்தார்,
ஆறிய பிறகும்.

விதிவிலக்குக்கு ஆயுள் தொண்ணூறு நாள்.
மார்ச்சில் தானாக மூடிக்கொள்ளும்.
'காலாவதி இல்லை' என்று மாற்ற
தலைமைப் பொறியாளர் சுந்த்குவிஸ்ட்
கையெழுத்திட வேண்டும்.
அவருக்கு ஒரு படிவம்.
படிவத்தில் ஒரு காரணக் கட்டம்.
மன்றாடி ஒரு பத்தி எழுதினேன்,
அழித்தேன்.
ரௌட்டியோவின் இரண்டு சொல்லையே போட்டு அனுப்பினேன்.

நாற்பது நிமிடத்தில் பதில்:
'யார் தலையை?'

'இன்னும் தெரியாது'
என்று அனுப்பியிருக்கிறேன்.