புள்ளி

தருமபுரி அரசு மருத்துவமனை, இரண்டாம் மாடி,
ஏ.சி. ஓடாத அறை.
சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி நிற்க
இன்னும் பதினைந்து நிமிடம்.
தீர்த்தகிரி போகவில்லை.
முழங்கை மடிப்பில் பஞ்சை இடுக்கிக்கொண்டு
கதவோரம் நின்று கேட்கிறார்:
“இதுல என்னாத்தப் பாப்பீங்க?”

பன்னிரண்டு சக்கர லாரி.
ஓசூர், சேலம், மறுபடி ஓசூர்.
போன ஆடியில் சுளகிரி தாண்டி நெஞ்சைப் பிடித்தவர்.
இடப்பக்க ரத்தக்குழாயில்
கிளை பிரிகிற இடத்தில் ஒரு ஸ்டென்ட்.

“மைக்ரோ ஆர்.என்.ஏ.” என்றேன்.
அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.
பதிவேட்டின் ஓரத்தில் ‘க’ எழுதினேன்.
தலையில் ஒரு புள்ளி வைத்தேன்.
“இப்ப படிங்க.”
“க்.”
தொண்டையில் மீன்முள் நின்றதுபோல.
“உயிர் போயிடுச்சு, மெய் மட்டும் நிக்குது.
நாங்க தேடுறது அந்தப் புள்ளிய.”

அவரிடம் சொல்லாதது நிறைய.
இருபத்திரண்டு எழுத்து இருக்கும், முன்னப்பின்ன.
தானாகக் கடுகளவு புரதமும் கட்டாது.
யாரோ அனுப்பிய கட்டளையின் வாலில்
போய் ஒட்டிக்கொள்ளும்;
கட்டளை வாசிக்கப்படாமலே கிழிந்துபோகும்.

முப்பத்து மூன்று என்று எண்ணிட்டது ஒன்று.
கொழுப்பைச் செய்யச் சொல்லும் மரபணுவுக்குள்ளேயே,
வெட்டி இடம் என்று வெகுநாள் விட்டுவைத்த துண்டில்
குடியிருக்கிறது.
உள்ளே உலை வைக்க உத்தரவு கிளம்பும்போதே
வெளிக்கதவைச் சாத்த இதுவும் கிளம்பிவிடுகிறது.
கூட்டிப் பெருக்க வந்த வெள்ளணு
தின்கிறது, தின்கிறது,
துப்ப வழியில்லாமல் உப்பி
அங்கேயே படுத்துவிடுகிறது.
நுரைச்செல் என்று அதற்குப் பெயர்.
கெலவரப்பள்ளி அணை திறந்த நாளில்
தென்பெண்ணையில் ஆளுயரம் நின்ற நுரையை
நான் பேருந்து ஜன்னலில் பார்த்திருக்கிறேன்.
வெண்மையாகத்தான் இருந்தது.

“எல்லா எடத்துலயும் ஏன் அடைக்கறதில்ல?”
நான் வாய் திறக்குமுன் அவரே,
“நேர்ரோட்டுல எவன் கவுக்கறான்?
தொப்பூர்ல திரும்பறப்பதான்.”
இதைப் புரிந்துகொள்ள
எனக்கு ஒரு செமஸ்டர் ஆயிற்று.
நேராக ஓடும் ரத்தம் சுவரைத் தடவிக்கொண்டு போகும்;
அங்கே நூற்றிருபத்தாறு காவல் இருக்கும்.
வளைவில், பிரிவில், ரத்தம் தடுமாறிச் சுழலும்;
அங்கே தொண்ணூற்றிரண்டு தலைதூக்கும்.
அதுவும் வாயடைப்பதுதான்.
இதுவும் வாயடைப்பதுதான்.

“அப்ப எனக்கு மறுபடி அடைக்குமா?”
தெரியாதுங்க.
இது ஆராய்ச்சி. உங்களுக்கு ரிப்போர்ட் வராது.
இதில் உங்கள் பெயர்கூட இல்லை, நூற்றுப்பதினேழு.
சிரித்தார்.
“டோல்கேட்டுல நம்பரப் பாத்தாக்கூட
ரசீது ஒண்ணு குடுப்பானே.”
பேனாவைக் கேட்டு வாங்கினார், ஏதோ கிறுக்கினார்,
லோடு நிற்கிறது என்று போய்விட்டார்.

இயந்திரம் நின்றது.
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டும்.
தெளியவில்லை.
ஓசூர்ச் சந்தை ரோஜாவின் சிவப்பு.
ஊசி சின்னது, இழுத்த என் கை அவசரம்.
உடைந்த சிவப்பணுக்கள்
தங்கள் புள்ளிகளையும் உள்ளே கொட்டியிருக்கும்.
இனி எது குழாய்ச் சுவர் அனுப்பியது,
எது உடைசல், யார் பிரிப்பது?
‘தகுதியற்றது’ என்று எழுதி, குப்பியை
மஞ்சள் பையில் போட்டேன்.

மூன்றாம் நாள் அவர் எண்ணைத் தேடிப்
பதிவேட்டைப் புரட்டும்போதுதான் கண்டேன்:
நான் எழுதிய க் பக்கத்தில்
கோணல்மாணலாக
ஒரு ‘அ’.

நாலாவது மணியில் எடுத்தார்.
பின்னால் ஏர்பிரேக் சீறியது.
“இன்னொரு தடவ ரத்தம் குடுக்கணும்ங்க,
தப்பு என்னோடதுதான்…”
“தொப்பூர் எறங்கறேம்மா,
இப்பப் பேசப்படாது.”

துண்டிக்கவில்லை. மடியில் போட்டிருப்பார்.
நானும் பேசவில்லை.
கியர் இறங்கிற்று.
ஒரு வளைவு.
போனைக் காதிலிருந்து எடுக்காமல்
அடுத்த வளைவுக்குக் காத்திருந்தேன்.