முப்பத்தேழாம் ஆள்

லான்சோவில் ஆறு உறையாமல் போன குளிர்காலம்.
ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரை
ஊறுகாய்ப் புட்டிபோல் துணியில் சுற்றி
மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவருவார்
நா தெலின்.
நூடுல்ஸ் கடைக்காரர். பதினான்கு வருடச் சர்க்கரை.
மாவை இழுத்திழுத்து நூலாக்கும் கைகள்;
பாதம் மட்டும்
யாரோ பிசைந்து மறந்துபோன மாவு.
விரலால் அழுத்தினால் விழும் குழி
யோசித்து யோசித்துத்தான் மேலே வரும்.

நுரை குறைந்திருக்கிறது பார் என்பார்.
பார்ப்பேன்.
பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அழற்சி என்று எழுத
எங்கள் எழுத்தில்
தீயின் மேல் தீ வைக்க வேண்டும்.
அவர் கோப்பில் ஒவ்வொரு புதனும் வைத்தேன்.
சிறுநீரகச் சல்லடை எரிகிறது, புரதம் ஒழுகுகிறது
என்று நான் விளக்கியபோது
அரிகரண்டியில் ஓட்டை பெரிதாகிவிட்டது, அவ்வளவுதானே
என்று முடித்துக்கொண்டார்.

பாதிப் பேருக்கு இடிக்கொடியின் வேர்ச்சாறு.
பாதிப் பேருக்குச் சோள மாவு.
யாருக்கு எது என்று எனக்குத் தெரியாது,
டாக்டர் குவாங்குக்கும் தெரியாது,
தெரிந்த காகிதம் பூட்டிய பெட்டியில்.
வயலில் பூச்சிக்குத் தெளித்த கொடி அது;
தீயை அணைக்கும் கையோடு
கல்லீரலையும் கொஞ்சம் கடித்துப் பார்க்கும்.
அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
அவர் இரத்தமும் என் தூக்கமும் சோதனைக்குப் போகும்.

இரண்டாம் மாதம் ரகசியமாய்ச் சொன்னார்:
ஒன்றைப் பல்லால் உடைத்தேன். கசந்தது.
எனக்குக் கிடைத்திருப்பது மருந்துதான்!
சோள மாவிலும் கசப்புக் கலந்திருக்கிறோம் என்பதை
நான் சொல்லவில்லை.

இருபத்துநான்காம் வாரம்
மூன்று கிராம், ஒன்றரையாக இறங்கியது.
குவாங் அந்தக் கோட்டை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்.
கேண்டீன்காரர்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

புகழ்ச்சியில் நாக்கு அவிழ்ந்துவிட்டது மனிதருக்கு.
மாத்திரை மட்டுமா? தினமும் ஒரு பிடி ஹுவாங்சி வேர்,
மின்சியானிலிருந்து மச்சான் அனுப்புவான்,
எலும்புச் சூப்பில் போட்டு இறக்குவேன்.
உப்பையும் விட்டாயிற்று.
உப்பில்லாமல் சூப்பு ருசிக்கும் கொடுமை
ஒரு கடைக்காரனுக்கு வரக்கூடாது.

கொடியா, வேரா, விட்ட உப்பா,
இல்லை கசந்தது என்ற சந்தோஷமா.

விதியைப் படித்துக் காட்டினேன்.
முப்பத்தேழுக்கு எதிரே
'விலக்கப்பட்டார்' என்று எழுதினேன்.
சுவரிலிருந்து அந்தக் கோட்டை
நகத்தால் சுரண்டி எடுத்தேன்; மூலையில்
கொஞ்சம் பசை மிச்சம்.

அடித்துவிட்டாயே,
என் கால் மறுபடி வீங்குமா? என்றார்,
சாக்ஸைக் கழற்றியபடி.

கட்டாயம் இல்லை, ஆனாலும் அழுத்தினேன்.
குழி விழுந்தது. எண்ணினேன்.
நான்கு நொடி.
இலையுதிர்காலத்தில் ஒன்பது.

எழுதக் கட்டம் இல்லை.
உள்ளங்கையில் நான்கு என்று எழுதிக்கொண்டேன்.
ஆளுக்கு ஆள் கை கழுவ வேண்டிய இடம்;
மதியம்வரை நின்றது.