ஆறு மூணு ரெண்டு

பெயர் வைத்தது இம்தியாஸ்.
லாங் பஜாரில் செத்த செல்போன்களைப்
பிளந்துகொண்டிருந்தவன்.
“நம்ம பின்கோடு எதுல தொடங்குது? ஆறு.
பாலாறும் ஆறுதான்.
ரெண்டுலயும் தண்ணி கெடையாது, வெச்சிக்கோ” என்றான்.

அப்போது நாங்களும் ஆறு பேர்.

தாளத்துக்குப் பேசுவதை
என்னவென்று சொல்வது எனப்
பாலாற்றின் இந்தக் கரையில்
ஒருவருக்கும் தெரியாத வருஷம்.
கொசப்பேட்டைக் கல்யாணத்தில்
மூன்றாவது பாட்டின் நடுவே
பெண்ணின் தாய்மாமன் மேடையேறிக் கேட்டார்:
“பாட்டு எப்ப தம்பி ஆரம்பிப்பீங்க?”

என் வேலை சின்னது.
எபினேசர் வரியை வீசுவான்.
கடைசிச் சொல்லை மட்டும் பிடித்து
நான் திருப்பி வீசுவேன்.
அவன் மூச்சு வாங்கும் இடம்தான் என் இடம்.
அரை நொடி.
அதில் குடியிருந்தேன் நாலு வருஷம்.

ஊரைப் பற்றி ஊரே சொல்லும் கேலி இருக்கிறதே,
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை,
அதை எடுத்துக்கொண்டோம்.
கடைசியில் பெண்களைப் பற்றி ஒன்று வரும், தெரியுமல்லவா.
“அத்த நான் சொல்றேன்” என்று
மைக்கைப் பிடுங்கினாள் சுகிர்தா.
சொல்லவில்லை.
நாலு தட்டு சும்மா நின்றாள்.
முனிவேலின் பெட்டி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.
ஐந்தாவதில்,
“நல்லா பாத்துக்கினியா?”

மக்கான் சிக்னலில் ஆட்டோக்கள் அதைப் போட்டுக்கொண்டு நின்றன.
புளூடூத்தில் ஆம்பூர் போனது,
பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் ஓடியது,
எங்களுக்கு முன்னாலேயே
எங்கள் குரல் ஓசூர் பார்த்தது.
ரிங்டோன் பத்து ரூபாய்.
காசு வந்ததாக ஞாபகம் இல்லை.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி.
ஏசி அறை. ஆறு டம்ளர் தண்ணீர்.
“ஆறு பேர் போஸ்டர்ல அடங்காது, மூணு போதும்.
பீட்டு எங்ககிட்டயே இருக்கு.”
இம்தியாஸ், முனிவேல், ஷபீர்
தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்கள்.
கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் நான் ஒருவன்.
இதை எந்தத் தாளத்திலும் சொல்ல வரவில்லை.

அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்தார்கள்.
நாலு தட்டு மௌனத்தில்
விசிலும் சிரிப்பும் நிரப்பினார்கள்.
“சும்மா விட்டா கேக்குறவன் அடுத்ததுக்குத் தாவிடுவான்மா.”
சுகிர்தா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்,
பாம்பைக் கீழே விடுவதுபோல் மெதுவாக.
அன்றிரவே காட்பாடிக்கு ரயில் ஏறினாள்.

அப்புறம் ரெண்டு.
பெயர் எங்களை முன்னாலேயே எண்ணி வைத்திருந்தது.

ஒரு கல்லூரி விழாவில்
எங்களுக்கு முன்னால் நாலு குழு.
எல்லாம் பொடியன்கள். எல்லாம் எங்களைவிட வேகம்.
“உங்க பாட்டுன்னா எங்க அண்ணனுக்கு உயிரு” என்றான் ஒருவன்.
அன்று எபினேசரின் வரி பாதியில் நின்றது. மறந்துவிட்டான்.
பிடிக்க நீட்டிய கை அப்படியே நின்றது.
இப்போது பெங்களூரில் கார் ஓட்டுகிறான்.

நான் ஆற்காடு ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில்
டோக்கன் கூப்பிடுகிறேன்,
தமிழில் ஒருமுறை, வங்காளத்தில் ஒருமுறை.
ஒருநாளும் முந்நூறைத் தாண்டாது.
“நூத்தி நாலு” என்பேன்.
கூடவே, “நாலு.”
வாய் விடுவதில்லை.

போன மாதம் திரை உடைந்து
இம்தியாஸ் கடைக்குப் போனேன்.
முகம் பார்க்காமல் வாங்கினான். இருநூற்றைம்பது என்றான்.
வீட்டுக்கு வந்து திறந்தால்
பெயரில்லாமல் ஒரு கோப்பு.
பழுது பார்க்கிற எல்லாப் போனிலும்
யாரையும் கேட்காமல்
அதைப் போட்டு அனுப்புகிறான் என்று
பிறகு கேள்விப்பட்டேன்.

பழைய பதிவு.
நாலு தட்டு.
தூரத்தில் ஒரு ஹாரன். ஷபீரின் இருமல்.
பக்கத்தில் யாரோ
மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறான்,
திருப்பிச் சொல்ல ஒரு சொல் வரும் என்று.