டிரம்மில் நாலு ஓட்டை

கீழவாசல் பழைய இரும்புக் கடையில்
இருநூறு லிட்டர் டிரம், எழுநூற்றைம்பது ரூபாய்.
என்ன இருந்தது இதில் என்றேன்.
"பாமாயில்தான்க்கா, சத்தியமா" என்றான் பையன்.
சத்தியத்தை நம்பாமல்
அவனியாபுரம் கண்மாய்க் கரையில் நிறுத்தி
தென்னமட்டை, முறிந்த கட்டில்கால் எல்லாம் போட்டு
இரண்டு முறை எரித்தோம்.
நீலப் பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது.
சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு
தலையை உள்ளே விட்டு மோந்தேன்.
மோப்பத்தில் நான் தேர்ந்தவள்.
பதினோரு வருசம்
ராத்திரி பத்தரைக்குக் கதவு தட்டும்போதெல்லாம்
எனக்கு முன்னால் என் மூக்குதான்
வாசலுக்குப் போகும்.

சிக்கந்தர் வந்து அடியில் நாலு ஓட்டை போட்டான்.
முக்கால் அங்குலம்.
"காத்து எவ்வளவோ அவ்வளவுதான் தீ" என்று
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னவன்
கரிக்கூடைக்குக் கால் வைக்க மறந்து போய்விட்டான்.
மூன்று செங்கல் துண்டில் சமாளித்தோம்.
ஓட்டை அடைக்க
சவுண்ட் சர்வீஸ் ஒச்சப்பனிடம்
கிழிந்த ஸ்பீக்கர்களின் காந்தம்.
பங்குனி முழுக்கக் கத்தியவை
இப்போது டக்கென்று ஒட்டிக்கொண்டு
வாயே திறப்பதில்லை.

மூடி வட்டமாக இல்லை.
வில்லாபுரம் வேகத்தடையில்
டாடா ஏஸிலிருந்து உருண்ட உருளல்.
புகை ஒரு பக்கமாகக் கசிந்தது.
மாயழகு கொஞ்ச நேரம் பார்த்தார்.
எழுந்து போய்
புரோட்டாக் கடையில் ஒரு உருண்டை மைதா வாங்கி வந்து
பிரியாணிக்குத் தம் போடுவதுபோல
விளிம்பெல்லாம் அப்பினார்.
விரல் நடுங்கவில்லை.
நான் அதைப் பார்த்ததை
அவர் பார்த்தார்.

முதல் ஞாயிறு பாழ்.
ஈரக் கொய்யாக்கட்டை, திரண்ட வெள்ளைப் புகை,
கோழி வேப்பங்குச்சியாய்க் கசந்தது.
தெருநாய் மோந்துவிட்டு
என்னைப் பாவமாகப் பார்த்தது.
இரண்டாம் ஞாயிறு பாழானது என்னால்.
பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தேன்.
திறந்தபோதெல்லாம் காற்று புகுந்து
கரி சீறியது.
மேலே கரி, உள்ளே ரத்தம்.

மூன்றாம் ஞாயிறு
ஆட்டுத் தொடை, இரண்டரைக் கிலோ.
உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு, வேறெதுவும் இல்லை.
சீமைக்கருவேலங் கரி.
வெட்டு வெட்டு என்று ஊரே திட்டுகிற மரம்
கூடைக்குள் மரியாதையாக எரிந்தது.
மூன்று ஓட்டை அடைத்தாயிற்று, நாலாவது பாதி.
பேக்கரி அடுப்பில் கழற்றிய முள்
நூற்றிருபதில் நின்றது.

பன்னிரண்டு மணிக்குத் தெருமுனையில்
அந்தக் கடையின் ஷட்டர் தூக்குகிற சத்தம்.
எனக்குக் கேட்டது.
அவருக்கும் கேட்டது.
குனிந்து காந்தத்தை
ஒரு நூல் நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்கு, தண்ணிக் கேன் வாங்கி வருகிறேன் என்று போனவர்
வர நாற்பது நிமிசம்.
வந்ததும் வழக்கம்போல் கிட்டே போனேன்.
சட்டையில் புகை. மீசையில் புகை.
என் முந்தானையில், என் மூக்குக்குள்
புகை.
பதினோரு வருசத்து ஆயுதம்
மழுங்கிப் போய் நின்றேன்.
கை பாட்டுக்கு மூடிக்குப் போனது.

"திறக்காத" என்றார்.
"இன்னும் ஒரு மணி நேரம்."

கையை எடுத்தேன்.

சென்னை விமானம்
தலைக்கு மேலே தாழ்ந்து இறங்கும்போது
மைதாவை உடைத்தோம், பிஸ்கட்டாக நொறுங்கியது.
எதிர்வீட்டு ஆக்னஸ் மகன் அதையும் தின்றான்.
எலும்பை இழுத்தேன்.
இழுக்கவே வேண்டியிருக்கவில்லை,
உறையிலிருந்து கத்தி மாதிரி வந்தது.
முதல் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு
சரியா வெந்திருக்கா என்று
இரண்டு தரம் கேட்டார்.

இரவு வாளியருகே
அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
மோந்து பார்க்காமல் முக்கினேன்.

நாளைக்குச் சிக்கந்தருக்குப் போன் போட வேண்டும்.
கூடைக்கு இன்னும்
கால் இல்லை.